ரிட்லி: ஆமைக்கு ஆள் பேரா, ஆளுக்கு ஆமைப் பேரா?

குளச்சல்காரன்

எல்லாருக்கும் வணக்கம். இதைச் சொல்லாய்வுப் பகுதியில போடணுமா, கடல் பகுதியில போடணுமான்னு குழப்பம். நெறியாளர் எங்க தூக்கி வச்சாலும் சரி.

கொழுந்தியாளுக்கு ஆம்பளப் பிள்ளை பிறந்திருக்கு. ஞானஸ்நானத்துக்குப் பேரும் முடிவாயிட்டு: ரிட்லி. மாமனார் குடும்பத்துல ஏற்கெனவே வெஸ்லி, கிங்ஸ்லி, ஸ்டான்லின்னு ஆள் உண்டு, அந்த வரிசையில இவன். வாட்ஸாப் குழுவுல பேரைப் போட்டதுதான் தாமதம், சென்னையில இருக்க மச்சான் ஒருத்தர் கடற்கரையில முட்டையிடுற ஆமைப் படத்தைப் போட்டு "மருமகனுக்கு வாழ்த்துகள்"னு எழுதிட்டாரு. அதுலருந்து குழுவுல பிள்ளை படத்தை விட ஆமைப் படம்தான் கூட. மாமியாருக்கு முகமே சரியில்ல. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும்னு ஒரு பழமொழியை வேற யாரோ ஞாபகப்படுத்தித் தொலைச்சுட்டாங்க.

என் கேள்வி இதுதான். ஆலிவ் ரிட்லி ஆமைக்கு அந்தப் பேர் ரிட்லிங்கிற ஆள்கிட்ட இருந்து வந்ததா? இல்ல ஆமைதான் முதல்ல, ஆளுங்க அப்புறமா? ஆதாரத்தோட சொன்னா வீட்டுல படிச்சுக் காட்டலாம்.

ஜாய்ஸ்டிக்

அண்ணே, மெட்ராய்ட் விளையாட்டுல ரிட்லின்னு ஒரு வில்லன் உண்டு. றெக்கை வச்ச டிராகன் மாதிரி இருக்கும், கொன்னாலும் அடுத்த பாகத்துல திரும்பி வந்துரும். 1986-ல வந்த முதல் பாகத்துல இருந்தே உண்டு. 'ஏலியன்' படம் எடுத்த ரிட்லி ஸ்காட் பேரைத்தான் அதுக்கு வச்சாங்க. மாமியார்கிட்ட இதைச் சொல்லிப் பாருங்க, ஆமையே தேவலன்னு ஆயிடும்.

எழுத்தாணி

குளச்சல்காரருக்கு: ஆள்தான் முதலில். ஆளுக்கும் முந்தியது ஊர்.

வெஸ்லி, கிங்ஸ்லி, ஸ்டான்லி, ரிட்லி நான்கும் ஒரே வால் கொண்டவை என்பதைக் கவனித்தீர்களா? அந்த 'லி', பழைய ஆங்கிலத்தில் காட்டையும் காட்டில் மரம் வெட்டித் திருத்திய வெளியையும் குறித்த சொல்லின் தேய்வு. வெஸ்லி மேற்குக் காட்டுவெளி, கிங்ஸ்லி அரசனுடையது, ஸ்டான்லி கல் நிறைந்தது. உங்கள் மாமனார் வீட்டில் ஏற்கெனவே மூன்று காட்டுவெளிகள் நடமாடிக்கொண்டிருக்கின்றன. நான்காவது பிறந்திருக்கிறது, அவ்வளவே. நம் பக்கத்துக் காடுவெட்டி என்ற ஊர்ப்பெயரும் இந்த இனம்தான்.

ரிட்லியில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. இங்கிலாந்தில் ரிட்லி என்ற பெயரில் ஊர்கள் பல. வடக்கே நார்தம்பர்லாந்திலும் செஷயரிலும் உள்ளவற்றுக்கு 'மரம் அகற்றித் திருத்திய வெளி' என்று பொருள் சொல்வார்கள். தெற்கே எஸ்ஸெக்ஸ், கென்ட் பக்கத்து ரிட்லிக்கு முதல் பாதி வேறு, அது நாணல். நாணல் வெட்டிய இடம் அல்லது நாணல் வளரும் வெளி. ஆக, இரண்டு வெவ்வேறு பெயர்கள் தேய்ந்து தேய்ந்து ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து நிற்கின்றன. அந்த ஊர்களிலிருந்து கிளம்பியவர்கள் ஊர்ப்பெயரையே குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள். குடும்பப் பெயர் பின்னாளில் முதற்பெயராகவும் ஆனது. ரிட்லி ஸ்காட்டுக்கு அது முதற்பெயர். நடிகை டெய்சி ரிட்லிக்குக் குடும்பப் பெயர்.

ஆமைக்கு எப்படி வந்தது என்பதைக் கடல் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

முத்துநகர் மைந்தன்

இதுல என்ன ஆராய்ச்சி வேண்டிக்கிடக்கு? ரிட்லிங்கிற விஞ்ஞானி கண்டுபிடிச்சாரு, அதான் பேரு. எல்லா இணையதளத்துலயும் இருக்கே. ஆலிவர் ரிட்லின்னு முழுப்பேரு.

நெய்தல் நிலா

மைந்தன், ஆலிவர் ரிட்லி என்று ஒருவர் கிடையாது. 😀 அது செய்தித்தாள்காரர்கள் பெற்ற பிள்ளை. 'ஆலிவ்' என்பது ஓட்டின் நிறம், சாம்பல் கலந்த மங்கலான பச்சை. அதை ஆள்பெயர் என்று நினைத்து யாரோ 'ர்' சேர்த்துவிட, வருடாவருடம் ஜனவரி பிறந்தால் 'ஆலிவர் ரிட்லி ஆமைகள் கரை ஒதுங்கின' என்று செய்தி வருகிறது.

கண்டுபிடித்த ரிட்லியும் கிடையாது. நம் கரைக்கு வரும் ஆமையை 1829-ல் அறிவியல் முறைப்படி விவரித்தவர் எஷ்ஷோல்ட்ஸ். ரஷ்யக் கப்பலில் உலகம் சுற்றிய மருத்துவர். அவர் பார்த்த ஆமை பிலிப்பைன்ஸின் மணிலா விரிகுடாவில் கிடைத்தது. கலிஃபோர்னியாவின் மஞ்சள் பாப்பிப் பூவின் அறிவியல் பெயரில் இருப்பவரும் இவரே. ஆமைக்கு அவர் வைத்தது 'ஒலிவேசியா', நிறத்தைச் சொல்லும் லத்தீன். அதில் ரிட்லி இல்லை.

இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு, கெம்ப்ஸ் ரிட்லி. மெக்சிகோ வளைகுடாவிலும் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் வாழ்வது. ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட்டில் இருந்த ரிச்சர்ட் கெம்ப் என்பவர் இதன் மாதிரிகளை ஹார்வர்டு அருங்காட்சியகத்துக்கு அனுப்ப, சாமுவேல் கார்மன் 1880-ல் அவர் பெயரையே வைத்தார். கெம்ப் யாரென்று தெரியும். ரிட்லி யாரென்றுதான் யாருக்கும் தெரியாது.

இரண்டையும் பிரிக்க ஓட்டைப் பார்த்தால் போதும். முதுகின் நடுவரிசைக்கு இருபுறமும் இருக்கும் பட்டைகளை எண்ண வேண்டும். கெம்ப்ஸுக்குப் பக்கத்துக்கு ஐந்து. நம்முடையதற்குப் பெரும்பாலும் ஆறிலிருந்து ஒன்பது வரை, அதுவும் இடப்பக்கம் ஏழு, வலப்பக்கம் எட்டு என்று கணக்குப் பொருந்தாமல் இருக்கும். கரையில் இறந்து கிடக்கும் ஒவ்வோர் ஆமைக்கும் நாங்கள் இதைக் குறித்துக்கொள்வோம்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். ஆர்ச்சி கார் என்ற ஃபுளோரிடா ஆமை ஆய்வாளர் இதற்காகவே அலைந்தவர். 1930-களின் கடைசியில் ஃபுளோரிடா மீனவர்கள் இந்த ஆமையை ரிட்லி என்று சொல்லக் கேட்டு, ஏன் அந்தப் பெயர் என்று விசாரித்தார். 'எப்பவும் அப்படித்தான் சொல்றது' என்பதற்கு மேல் யாரிடமும் பதில் இல்லை. அவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். இது பெருந்தலை ஆமைக்கும் பச்சை ஆமைக்கும் கலப்பில் பிறந்தது, கோவேறு கழுதை மாதிரி, முட்டையே இடாது என்று. ஏனென்றால் இது முட்டையிட்டு யாரும் பார்த்ததில்லை. மல்லாக்கப் போட்டால் ஆத்திரத்தில் துடித்து நெஞ்சு வெடித்துச் செத்துவிடும் என்று அதற்கு 'நெஞ்சுடைந்த ஆமை' என்றும் பெயர்.

கார் 1956-ல் எழுதிய புத்தகத்தில் இந்தப் புதிருக்கு ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். தலைப்பில் 'புதிர்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் 'ரிட்லி'யையும் ஒலிக்காகச் சேர்த்து வைத்தார். பிற்பாடு வந்தவர்கள் அந்தச் சொல்விளையாட்டையே பிடித்துக்கொண்டு 'ரிடில்' திரிந்துதான் ரிட்லி ஆனது என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அது வால் தலையை ஆட்டிய கதையாகத்தான் படுகிறது. மீனவர்கள் வாயில் பெயர் இருந்தது முன்பு, புதிர் என்று கார் சொன்னது பின்பு.

குளச்சல்காரன்

அக்கா, அப்போ முட்டையிடாத ஆமைன்னு சொன்னது என்னாச்சு? அந்தப் புதிராவது தீர்ந்துச்சா?

நெய்தல் நிலா

தீர்ந்தது, அதுவும் ஒரு சினிமாச் சுருளால். 1947-ல் ஆந்த்ரேஸ் ஹெரேரா என்ற மெக்சிகோக்காரர் சிறு விமானத்தில் தமௌலிப்பாஸ் மாநிலத்துக் கடற்கரை மேல் பறந்து தேடி, ராஞ்சோ நுவேவோ என்ற இடத்தில் இறங்கி, பட்டப்பகலில் ஆயிரக்கணக்கான ஆமைகள் முட்டையிடுவதைப் படம் பிடித்துவிட்டார். ஆராய்ச்சி உலகத்துக்கு இது தெரியவே தெரியாது. ஹில்டெப்ராண்ட் என்ற பேராசிரியர் அதைத் தேடிப் பிடித்து 1961-ல் ஒரு மாநாட்டில் திரையிட்டார். ஒரே நாளில் ஏறத்தாழ 40,000 பெண் ஆமைகள் என்பது அவர் கணக்கு. உள்ளூர்க்காரர்களுக்கோ இது பழைய சமாசாரம். முட்டைகளை மூட்டை கட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். 1985-ல் அந்த இனத்தின் முட்டைக்குழிகள் மொத்தமே 702 என்ற நிலைக்கு வந்துவிட்டது.

இப்படிக் கூட்டமாகக் கரையேறுவதை ஸ்பானிய மொழியில் 'அர்ரிபாதா' என்பார்கள், வருகை என்று பொருள். கடலாமைகளில் ரிட்லி இனங்கள் இரண்டுக்கு மட்டுமே இந்தப் பழக்கம். நம் நாட்டில் ஒடிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா கரைகளில் நடக்கும். சென்னையில் அப்படி இல்லை, ஒன்றிரண்டாக வரும்.

தைப்பிங் மணியம்

வணக்கம். நிலா சகோதரி 'ரிட்லி யாரென்று தெரியாது' என்று சொன்னதற்கு மலேசியாவிலிருந்து ஒரு மறுப்பு. எங்களுக்குத் தெரியும். எங்கள் தாத்தா பாட்டி இந்த மண்ணுக்கு வந்ததே ஒரு ரிட்லியால்தான்.

ஹென்றி நிக்கலஸ் ரிட்லி, 1855-ல் பிறந்த தாவரவியலாளர். 1888 முதல் 1911 வரை சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநர். பிரேசிலிலிருந்து வந்த ரப்பர் மரம் தோட்டத்தில் சும்மா வளர்ந்துகொண்டிருந்தது. பிரேசிலில் கோடாரியால் கொத்திப் பால் எடுப்பார்கள், மரம் சீக்கிரம் கெட்டுப்போகும். ரிட்லி பல காலம் மரத்தோடு மல்லுக்கட்டி ஒரு முறை கண்டுபிடித்தார். நடுவில் ஒரு வாய்க்கால், இரண்டு பக்கமும் மீன்முள் மாதிரி சாய்ந்த வெட்டுகள். பட்டையை மெல்லிசாகச் சீவினால் போதும், மரம் சாகாது. அதே வெட்டைத் திரும்பத் திரும்பச் சீவினால் பால் கூடுகிறது என்பதையும் பார்த்துச் சொன்னார்.

சொன்னால் யார் கேட்டார்கள்? அன்றைக்கு வெள்ளைக்காரத் துரைமார்களுக்குக் காபி மோகம். ரிட்லி போகிற இடமெல்லாம் ரப்பர் விதையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய் ஆட்களிடம் திணிப்பார். 'பைத்தியக்கார ரிட்லி' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். கடைசியில் மலாக்காவில் டான் சாய் யான் என்ற சீனர் 1896-ல் புக்கிட் லிந்தாங்கில் முதல் தோட்டம் போட்டார். மோட்டார் வண்டி வந்தது, டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது, விலை எகிறியது. பைத்தியம் 'ரப்பர் ரிட்லி' ஆனார். தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே? கங்காணி ஊர் ஊராகப் போனான். 1907-ல் தமிழர்களைக் கொண்டுவரவே ஒரு நிதி ஏற்படுத்திக் கப்பல் கட்டணத்தைத் தோட்டங்கள் தலையில் பகிர்ந்தார்கள். நாகப்பட்டினத்தில் ஏறினால் பினாங்கு. விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்பது, பால் வடியும் மங்கைத் துடைத்து மரத்துக்கு மரம் ஓடுவது, ஒட்டுப்பால் பொறுக்குவது, லயத்துக்குத் திரும்புவது. எங்கள் மூன்று தலைமுறையின் நாள் இந்த ஒரு மனிதரின் கத்திக்கோட்டில் ஓடியது.

இப்போது ஆமைக்கு வருகிறேன். சிங்கப்பூர் வருமுன் 1887-ல் இதே ரிட்லி பிரேசிலின் பெர்னாண்டோ டி நோரோன்யா தீவுக்கு ஆய்வுக்குப் போயிருக்கிறார். அங்கே கண்ட ஆமையைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ஆமையோடு தொடர்புள்ள ரிட்லி என்று பதிவில் இருப்பவர் இவர் ஒருவரே. நூறு வயது வாழ்ந்து 1956-ல் இறந்தார். ஆமைக்கும் ஆயுள் கெட்டி என்பார்கள்.

முத்துநகர் மைந்தன்

பாத்தீங்களா! நான் சொன்னது சரிதான். ரிட்லி விஞ்ஞானி.

நெய்தல் நிலா

அவசரப்படாதீங்க தம்பி. மணியம் அண்ணன் சொன்ன வரலாறு அத்தனையும் சரி. ஆனால் கடைசி எட்டு மட்டும் தாண்டவில்லை. பெயர் யார் வாயில் இருந்தது? ஃபுளோரிடா மீனவர் வாயில். எந்த ஆமைக்கு? கெம்ப்ஸுக்கு. தென் அட்லாண்டிக் தீவு ஒன்றுக்குப் போன ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஓர் ஆய்விதழில் எழுதியது, வளைகுடாவில் வலை வீசும் ஆளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? 'எப்பவும் அப்படித்தான் சொல்றது' என்று அவர் சொல்லும் அளவுக்கு ஐம்பதே வருடத்தில் எப்படி ஊறிப்போனது? இந்தப் பாலம் கிடைக்கும் வரை அவரை ஒரு வேட்பாளர் என்றுதான் சொல்லலாம். ஒரே வேட்பாளர் என்பதாலேயே வென்றதாக அறிவித்துவிட முடியாது.

தைப்பிங் மணியம்

நியாயமான கேள்வி. கப்பல்காரர்கள் மூலம் பரவியிருக்கலாம் என்று வாதாடலாம், ஆனால் கையில் சான்று இல்லாமல் வாதாட மாட்டேன். ரப்பரைப் பொறுத்தவரை ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வலைக்காரர் மகன்

எல்லாரும் ஃபுளோரிடா மீனவன் என்ன சொன்னான்னு பேசுறீங்க. நம்ம கரையில என்ன சொல்றோம்னு ஒருத்தரும் கேக்கல.

நாங்க இதைப் பங்குனி ஆமைம்போம். தை பொறந்து கரைக்கு வர ஆரம்பிச்சு பங்குனியில கூட வரும், அதான். சித்தாமைன்னும் சொல்வோம், சின்ன ஆமை. பெருசு பேராமை, அதைத்தான் புத்தகத்துல பச்சை ஆமைங்கிறாங்க. மூக்கு கிளி மாதிரி இருக்கறது அழுங்காமை. முதுகுல வரி ஓடுறது ஏழுவரி ஆமை. ஒவ்வொண்ணும் பேரைக் கேட்டாலே எந்த ஆமைன்னு தெரிஞ்சிடும். ரிட்லின்னா என்ன தெரியுது? இங்கிலாந்துல நாணல் வெட்டுன இடம். அதுக்கும் எங்க வலையில மாட்டுறதுக்கும் என்ன சம்பந்தம்? நம்ம பசங்க பள்ளிக்கூடத்துல ஆலிவ் ரிட்லின்னு எழுதினாத்தான் மார்க்கு. பங்குனி ஆமைன்னா வாத்தியாருக்கே தெரியல.

குளச்சல் அண்ணாச்சி, உங்க பிள்ளைக்குப் பங்குனின்னு பேர் வைக்கச் சொல்லல. ஆமைக்காவது அதும் பேரைத் திருப்பிக் குடுங்க.

எழுத்தாணி

வலைக்காரர் மகன் சொல்வதை வழிமொழிகிறேன். 'ஆலிவ் ரிட்லி' என்று எழுதும் இடங்களில் பங்குனி ஆமை என்று எழுதினால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஆமை முட்டையிடுவதை நம்மவர் கவனித்தது நேற்றல்ல. அகநானூறு 160-ஆம் பாட்டில், நிறைசூல் ஆமை அடும்புக் கொடியைச் சிதைத்து மணல்மேட்டில் முட்டையைப் புதைக்கிறது. முட்டைக்குத் தந்தத்தில் கடைந்த வட்டை உவமை சொல்கிறார் புலவர். புலால் நாற்றத்தையும் விடவில்லை. குஞ்சு வெளிவரும் வரை ஆண் ஆமை காவல் இருக்கும் என்கிறார்.

நெய்தல் நிலா

ஐயா, முட்டையும் நாற்றமும் அடும்பும் நூற்றுக்கு நூறு. இரவில் தேடும்போது கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத்தான் ஆமை தெரியும். ஆனால் காவல் இருக்கும் கணவன் மட்டும் கவிஞர் கொடுத்த வரம். ஆண் ஆமை குஞ்சாகக் கடலுக்குள் போனால் போனதுதான், கரையை மிதிப்பதில்லை. பெண்ணும் இட்டு மூடியதும் போய்விடும்.

மூடுவதைப் பார்க்க வேண்டும். பின்துடுப்பால் மணலைத் தள்ளிய பிறகு உடம்பைத் தூக்கி இடப்பக்கம் ஒரு அடி, வலப்பக்கம் ஒரு அடி என்று தொப்பு தொப்பென்று மணலை இடிக்கும். சிமெண்டுத் தளம் போடும் ஆள் திம்மிசுக் கட்டையால் இடிப்பாரே, அப்படி. பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அதிர்வு நம் காலில் தெரியும். ரிட்லிகள் இரண்டுமே இப்படி இடிப்பவை. 45 முதல் 60 நாள் வரை கழித்துக் குஞ்சு வரும். மணலின் சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண்.

மதுரைக் கண்ணாடி

கண் மருத்துவத் துறையில் இருக்கிறேன். ஆமையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ரிட்லி என்றவுடன் எங்கள் துறையில் யாருக்கும் ஆமை ஞாபகம் வராது. ஹரால்ட் ரிட்லி ஞாபகம் வருவார். குளச்சல்காரர் தன் மாமியாரிடம் சொல்ல வேண்டிய ரிட்லி இவர்தான்.

இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்களின் கண்ணாடி மூடி உடைந்து அதன் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் போய்விடும். அந்த மூடி உண்மைக் கண்ணாடி அல்ல, பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக். கண்ணுக்குள் எதுவும் போனால் கண் சிவந்து வீங்கிக் கெட்டுப்போகும் என்பதுதான் அப்போதைய பாடம். இந்தச் சில்லோ வருடக்கணக்கில் உள்ளேயே கிடந்தும் கண் அதைக் கண்டுகொள்ளவில்லை என்பதை ரிட்லி கவனித்தார். பிறகு ஒருநாள் அவர் புரை எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த மாணவர், எடுத்த லென்ஸுக்குப் பதில் வேறொன்று வைக்க மாட்டீர்களா என்று கேட்டாராம். இரண்டையும் சேர்த்து, பெர்ஸ்பெக்ஸில் லென்ஸ் செய்யச் சொல்லி, 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு பெண்மணியின் கண்ணில் வைத்தார்.

பெரியவர்கள் சும்மா விடுவார்களா? கண்ணிலிருந்து எடுப்பதற்குத்தான் மருத்துவம், உள்ளே வைப்பதற்கா என்று பல வருடம் எதிர்த்தார்கள். முதல் லென்ஸ்களில் குறைகளும் இருந்தன. ஆனால் அவர் காலத்திலேயே காற்று மாறியது. வயதான காலத்தில் அவருக்கே அதே மருத்துவமனையில் அந்த லென்ஸை வைத்தார்கள். 2000-ல் 'சர்' பட்டம், 2001-ல் மறைவு.

நம்மூர்த் தாத்தா பாட்டிகள் அறுவைக்குப் பிறகு சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிந்த காலம் பலருக்கு ஞாபகம் இருக்கும். லென்ஸ் அப்போது வெளிநாட்டுச் சரக்கு, விலை எட்டாது. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் 1992-ல் இங்கேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்த பிறகுதான் கிராமத்துக் கிழவி கண்ணுக்கும் அது வந்தது. குளச்சல்காரரே, உங்கள் மாமியாருக்குப் புரை அறுவை ஆகியிருக்கிறதா? ஆகியிருந்தால் ரிட்லி ஏற்கெனவே வீட்டுக்குள் வந்தாயிற்று.

இன்னொரு ரிட்லியும் இருக்கிறார். தொழுநோயை வகைப்படுத்த 1966-ல் வந்த ரிட்லி-ஜாப்ளிங் முறையில் உள்ள நோயியலாளர். தோல் மருத்துவம் படிப்பவர்கள் மனப்பாடம் செய்வார்கள்.

குளச்சல்காரன்

மதுரை அண்ணாச்சி, ரெண்டு கண்ணுக்கும் ஆயாச்சு! 😂 சாயங்காலம் உங்க பதிவை வாசிச்சுக் காட்டினேன். லென்ஸு சமாசாரத்தைக் கேட்டுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "அந்த ஆளு கிறிஸ்தவரா"ன்னு ஒரு கேள்வி. மாமனார் சொல்லுறது வேற. அவர் பேர் எடுத்தது பிஷப் ரிட்லி ஞாபகமாம். அந்தக் கதை யாருக்காவது தெரியுமா?

எழுத்தாணி

நிக்கலஸ் ரிட்லி. லண்டன் பிஷப். நார்தம்பர்லாந்து ரிட்லிகளில் ஒருவர், அதாவது நான் முதலில் சொன்ன வடக்குக் காட்டுவெளி. சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர். கத்தோலிக்கரான மேரி அரசியானதும் கைதாகி, 1555 அக்டோபர் 16 அன்று ஆக்ஸ்ஃபோர்டில் லாட்டிமர் என்ற முதியவரோடு ஒரே கம்பத்தில் கட்டி எரிக்கப்பட்டார்.

லாட்டிமர் சீக்கிரம் போய்விட்டார். ரிட்லிக்கு அந்தக் கருணையும் கிட்டவில்லை. அவர் வேதனை சீக்கிரம் முடியட்டும் என்று நினைத்த மைத்துனர் மேலும் மேலும் விறகை அடுக்க, அடியில் நெருப்பு மூச்சுமுட்டிக் கால் மட்டும் வெந்துகொண்டிருந்தது. கழுத்தில் கட்டியிருந்த வெடிமருந்துப் பைக்குத் தீ எட்டவே இல்லை. அருகில் நின்ற ஒருவர் மேலே கிடந்த விறகை இழுத்து அகற்றிய பிறகுதான் தீ மேலே வந்தது. இந்த மைத்துனரை என்னால் மறக்க முடிவதில்லை. நல்லது செய்வதாக நினைத்துத்தான் விறகு அடுக்கினார்.

உங்கள் மாமனார் சீர்திருத்தச் சபை மரபில் வந்தவராக இருந்தால் இந்தப் பெயர் இயல்பானது. அந்தப் பெயர் நம்மூர்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் வழங்கத் தொடங்கிய காலத்தில் இங்கே யாரும் ஆமையை ரிட்லி என்று சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

நெய்தல் நிலா

அது சரி. சென்னையில் ஆமை வேலை தொடங்கியதே 1970-களில்தான், கிண்டி பாம்புப் பண்ணைக்காரர்கள் ஆரம்பித்தது. மாணவர்கள் சேர்ந்து 1988-லிருந்து அமைப்பாக நடத்துகிறார்கள். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவு நடை. 'ரிட்லி' என்ற சொல் சென்னைத் தமிழில் புழங்க அந்த நடைகள் ஒரு காரணம். அந்த விதத்தில் வலைக்காரர் மகன் கோபத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு. இனி நடையில் பங்குனி ஆமை என்றே சொல்லிப் பார்க்கிறேன்.

வலைக்காரர் மகன்

சொல்லுங்க அக்கா, சந்தோசம். கூட ஒண்ணையும் சொல்லுங்க. 2025 ஜனவரியில சென்னைக் கரையில நூத்துக்கணக்குல செத்து ஒதுங்குச்சே, அப்போ டிவியில மொத்தமா 'மீனவர்கள் வலையில் சிக்கி'ன்னுதான் போட்டான். எந்த மீனவன்? நாங்க ஃபைபர் படகுல போறவங்க. எங்க வலையில சிக்கினா அறுத்து விட்டுருவோம், வலைதான் நட்டம். ஆமை மூச்சு விட மேல வந்தாகணும். இழுவைமடி மணிக்கணக்கா தண்ணிக்கு அடியில ஓடுனா உள்ள போனது எப்படி மேல வரும்? கரையில இருந்து 5 கடல்மைலுக்குள்ள விசைப்படகு வரக்கூடாதுன்னு விதி இருக்கு. ராத்திரி வந்து நின்னு பாத்தா எத்தனை விளக்கு தெரியுதுன்னு எண்ணலாம்.

முத்துநகர் மைந்தன்

விசைப்படகுக்காரன்னா வேணும்னே கொல்றானா? எங்க அண்ணன் லாஞ்சுல போறவர்தான். டெட் கருவி, அதான் மடிக்குள்ள போன ஆமை தப்பிச்சுப் போக வைக்கிற கம்பிக் கருவி, அதைப் போட்டா மீனும் இறாலும் அது வழியா வெளிய போயிடுது. டீசல் விலைக்கு ஒரு பாடு வெறும் மடி தூக்கினா கடன்தான். மானியம் குடுத்து நல்ல கருவியா குடுங்க, போட மாட்டோம்னு யார் சொன்னது? ஆமைக்கு அழற ஆளு எங்களுக்கு அழறதில்ல.

நெய்தல் நிலா

மைந்தன், அழுகை ரெண்டுக்கும் வேண்டியதுதான். கருவியின் கம்பி இடைவெளி சரியாக இருந்தால் இறால் கம்பிக்கு இடையில் பின்னால் போய்விடும், ஆமை மட்டும் மேலோ கீழோ இருக்கும் வாய் வழியாக வெளியேறும். கொஞ்சம் இழப்பு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். அதை ஈடுகட்டுவது அரசு வேலை என்பதில் நான் உங்கள் கட்சி.

நெறியாளர்

இழை பெயராய்விலிருந்து படகுக்குப் போய்விட்டது. இழுவைமடி விவாதத்துக்குக் 'கடல்தொழில்' பகுதியில் தனி இழை திறந்திருக்கிறேன், மைந்தனும் வலைக்காரர் மகனும் அங்கே தொடரலாம். ஜாய்ஸ்டிக் போட்ட டிராகன் படங்களை நீக்கியிருக்கிறேன்.

ஜாய்ஸ்டிக்

ஒண்ணே ஒண்ணாவது விட்டிருக்கலாம்.

பேச்சிப்பாறை ரவி

தாமதமா வாறேன். மணியம் அண்ணனுக்கு ஒரு கேள்வி. நான் குமரி மாவட்டத்துல பால்வெட்டுத் தொழில் செய்யுறவன். இங்க யாரும் மீன்முள் மாதிரி வெட்டுறதில்ல. மரத்தைப் பாதி சுத்தி ஒரே சரிவுக் கோடுதான், இடப்பக்கம் உயரம், வலப்பக்கம் தாழ்வு. அப்போ ரிட்லி முறை இப்போ இல்லையா?

தைப்பிங் மணியம்

ரவி தம்பி, இங்கேயும் மீன்முள் வெட்டு எப்போதோ போய்விட்டது. அதில் ஒரே நேரத்தில் பட்டை நிறையச் செலவாகும், திரும்ப வளர இடம் இருக்காது. அரைச்சுற்றுச் சரிவு வெட்டுதான் எங்களுக்கும். ஆனால் நீங்கள் விடியுமுன் போய் நேற்றைய கோட்டின் கீழ் விளிம்பில் ஒட்டுப்பாலை உரித்துவிட்டு, மரத்தின் உள்தோலில் கத்தி படாமல் ஒரு மயிரிழை பட்டையைச் சீவுகிறீர்கள் இல்லையா? புது இடத்தில் கொத்தாமல் பழைய காயத்தையே திறக்கிறீர்கள். அதுதான் ரிட்லி. கோட்டின் வடிவம் மாறியது, சீவுகிற விதம் அவருடையதே. உங்கள் பக்கம் அந்தக் கத்திக்கு என்ன பெயர்? எங்கள் தோட்டத்தில் உளி என்போம்.